வகையறாவும் திருமுழுக்கும்

சென்ற ஞாயிறு, திருமங்கலம் பக்கத்துக் கிராமக் கோயிலில் என் தங்கையின் பேத்திக்குத் திருமுழுக்கு, அதாவது ஞானஸ்நானம், நடந்தது. குழந்தைக்கு என்ன பெயர், திருச்சபையிடம் என்ன கேட்கிறீர்கள் என்று பெற்றோரிடம் கேட்ட பங்குத்தந்தை, சிப்பியால் மூன்று முறை தலையில் நீர் ஊற்றினார். பிள்ளை வீறிட்டு அழுதது. பிறகு பந்தியில், என் பக்கத்து இலையில் அமர்ந்திருந்த பெரியவர், "மாப்ள வீட்டுக்காரவுக எந்த வகையறா?" என்றார். சடங்கில் எங்கும் கேட்கப்படாத கேள்வி அது.

விவிலியத்துக்கு வம்சத்தின் மீது அக்கறை இல்லை என்று சொல்லிவிட முடியாது. பாபிலோனிலிருந்து திரும்பிய குருக்களில் தலைமுறை அட்டவணையில் பெயர் காணாதவர்கள் பணியிலிருந்தே விலக்கப்பட்டதை எஸ்ரா நூல் சொல்கிறது. மத்தேயு தம் நற்செய்தியையே யூதர்களின் மூதாதையான ஆபிரகாமில் தொடங்கும் பட்டியலோடு, பதினான்கு பதினான்கு தலைமுறைகளாக அடுக்கித் திறக்கிறார். ஆனால் அதில் ரூத்து இருக்கிறார். மோவாபியர் என்னும் அயலினத்தார் பத்தாம் தலைமுறையிலும் ஆண்டவரின் சபையில் சேரக் கூடாது என்பது இணைச்சட்ட நூலின் விதி. அந்த மோவாபியப் பெண்தான் தாவீது அரசரின் கொள்ளுப்பாட்டி. சாலமோனின் தாயை 'உரியாவின் மனைவி' என்றே எழுதி, தாவீது பிறன்மனையைக் கொண்ட கதையையும் மத்தேயு அம்பலத்தில் வைக்கிறார். நம் ஊரில் குடும்ப வரலாறு எழுதுகிறவர்கள் அந்த வரியை முதலில் அடித்திருப்பார்கள்.

இன்னொரு நற்செய்தியாளரான லூக்கா இந்தப் பட்டியலை வைத்திருக்கும் இடம்தான் என்னை அதிகம் யோசிக்க வைக்கிறது. இயேசுவின் பிறப்பைச் சொல்லும்போது அவர் அதைச் சொல்வதில்லை. மூன்றாம் அதிகாரத்தில், 'ஆபிரகாம் எங்கள் தந்தை எனப் பெருமை கொள்ளாதீர்கள், இந்தக் கற்களிலிருந்தும் அவருக்குக் கடவுள் பிள்ளைகளை எழுப்புவார்' என்று திருமுழுக்கு யோவான் எச்சரித்து, இயேசு திருமுழுக்குப் பெற்று, 'என் அன்பார்ந்த மகன் நீயே' என்னும் குரல் கேட்ட பிறகே தலைமுறை வருகிறது. அதுவும் யோசேப்பின் மகன் என்று 'கருதப்பட்டார்' எனத் தொடங்கி, தாவீதையும் ஆபிரகாமையும் தாண்டி ஆதாம் வரை ஏறி, ஆதாமைக் கடவுளின் மகன் என்று சொல்லி முடிகிறது.

திருத்தூதர் பவுலும் வம்சத்தை அழிக்கவில்லை. யூதரென்றும் கிரேக்கரென்றும் இல்லை என்று கலாத்தியருக்கு எழுதிய கையோடு, திருமுழுக்குப் பெற்ற நீங்கள் ஆபிரகாமின் வழித்தோன்றல்கள், உரிமையாளர்கள் என்கிறார். யூத வம்சத்தில் பிறவாதவருக்கும் அங்கே ஒரு வம்சம் கிடைக்கிறது.

இந்த மண்ணில் இது எளிதாக இருந்ததில்லை. 1606-இல் மதுரைக்கு வந்த இத்தாலிய இயேசு சபைத் துறவி இராபர்ட் தே நோபிலி, திருமுழுக்குப் பெற்ற பிராமணர் பூணூலும் குடுமியும் வைத்துக்கொள்ளலாம் என்றார். 1623-இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி அதற்கு இசைவளித்தார். அந்தக் காலத்து நெருக்கடி எனக்குப் புரிகிறது. நானூறு ஆண்டுகள் கழித்தும் கல்லறைத் தோட்டத்தைச் சாதிவாரியாகப் பிரித்து வைத்திருக்கும் ஊர்களுக்கு என்ன நெருக்கடி என்பதுதான் புரியவில்லை.

பெரியவரிடம், "ஆபிரகாம் வகையறாதான் ஐயா" என்றேன். சிரித்தார். "அது சரி, அதுக்கு முன்னால?" என்று விடாமல் கேட்டார். ஆதாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் ரசம் வந்துவிட்டது.