நான் தேடிக் கொடுத்த பத்திரம் வேண்டும், நான் வேண்டாமா?

சொத்து ஆவணங்களைப் பரிசோதிப்பதில் எனக்குப் போதிய அனுபவம் இல்லையாம். வேலை கேட்டு விண்ணப்பித்த எனக்கு, சென்னையில் உள்ள ஒரு பெரிய லா ஃபர்ம் போன செவ்வாய்க்கிழமை அனுப்பிய மெயிலில் அப்படித்தான் இருந்தது. தக்கலை பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு படித்தேன். அந்த நேரத்தில் என் பைக்குள் இருந்தது என்ன தெரியுமா? அதே ஃபர்முக்காக, ஆரல்வாய்மொழிப் பக்கத்து நிலம் ஒன்றுக்கு நான் தேடி எடுத்துக் கொடுத்த பத்திரங்களின் நகல்கள். குலசேகரம் பஸ் வந்தது, போனது. நான் ஏறவில்லை. கை நடுங்கிக்கொண்டிருந்தது.

ஒரு வாரம் ஆகிவிட்டது, இன்னும் வயிறு எரிகிறது. எழுதாமல் இருக்க முடியவில்லை.

எனக்கு ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம். அப்பா ரப்பர் வெட்டுத் தொழிலாளி. திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரியில் ஐந்து வருடம் படித்து, பார் கவுன்சிலில் பதிவு செய்து, அகில இந்திய பார் தேர்வும் எழுதித் தேறி, நாகர்கோவிலில் ஒரு சீனியரிடம் மூன்றாவது வருடமாக ஜூனியராக இருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் மட்டும் இல்லை, எங்கள் தெருவிலேயே முதல் வக்கீல் நான்தான்.

அந்தப் பெரிய ஃபர்மின் வேலை எங்கள் மாவட்டம் வரைக்கும் எப்படி வருகிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். முப்பந்தல், ஆரல்வாய்மொழி வழியாகப் போனவர்களுக்குத் தெரியும், கண்ணுக்கு எட்டிய தூரம் வரை காற்றாலைதான். அங்கே ஒரு கம்பெனி நிலம் வாங்கவோ குத்தகைக்கு எடுக்கவோ வந்தால், கடன் கொடுக்கிற பாங்க் டைட்டில் ரிப்போர்ட் கேட்கும். விற்கிறவருக்கு அந்த நிலம் எப்படி வந்தது, அவருக்கு முன்னால் யாரிடம் இருந்தது, இடையில் யாருடைய பங்காவது விட்டுப்போயிருக்கிறதா, இதெல்லாம் அதில் வர வேண்டும். அந்த வேலையைப் பிடிப்பது சென்னையிலோ மும்பையிலோ இருக்கிற ஃபர்ம். ஆனால் அவர்கள் யாரும் ஆரல்வாய்மொழிக்கு வந்து பத்திரம் தேடுவதில்லை. உள்ளூர் வக்கீல் ஒருவருக்கு போன் போடுவார்கள். எங்கள் சீனியருக்கு அப்படி போன் வரும். அவர் என்னை அனுப்புவார்.

பிற்கால வில்லங்கத்தை ஆன்லைனில் பார்த்துவிடலாம். மிகப் பழையதை பத்திர ஆபீஸில் உட்கார்ந்து பழைய வால்யூம்களைப் புரட்டித்தான் எடுக்க வேண்டும். அதிலும் எங்கள் மாவட்டத்தின் கதை வேறு. 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் நாங்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். அதற்கு முந்தைய காலமெல்லாம் திருவிதாங்கூர்க் கணக்கு. பத்திரத்தில் இருப்பது கொல்லம் ஆண்டு என்ற மலையாள வருடக் கணக்கு. எழுத்தும் பல இடங்களில் மலையாளம். எனக்கு அது வாசிக்க வரும். கேரளப் பக்கத்துப் பாறசாலையிலிருந்து கல்யாணமாகி வந்த என் பாட்டி, சின்ன வயதில் மடியில் உட்கார வைத்து அந்த எழுத்தைச் சொல்லிக் கொடுத்தார். எந்தச் சட்டப் பள்ளியிலும் இதற்குப் பாடம் கிடையாது.

நான் சொல்கிற அந்த நிலத்துக்கு மூலப்பத்திரம் தேடியபோது, ஒரு பக்கத்தில் மை பரவி, ஆண்டு 1112-ஆ 1117-ஆ என்று தெரியவில்லை. வால்யூமை ஜன்னல் பக்கம் தூக்கிப் போய், செல்போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, முன்னும் பின்னும் உள்ள பத்திரங்களின் தேதியோடு ஒத்துப் பார்த்து, 1112 என்று உறுதி செய்தேன். அதாவது 1936-37. அன்று மதியம் நான் சாப்பிடவில்லை. அப்புறம்தான் முக்கியமான விஷயம் கண்ணில் பட்டது. விற்றவர், குடும்பத்தின் காரணவர், அதாவது குடும்பச் சொத்தை நிர்வகிக்கிற மூத்த ஆண். அவர் மட்டும்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறார். தோவாளைப் பக்கத்து நாஞ்சில் நாட்டு வேளாளர் குடும்பங்களில் மருமக்கள் வழி, அதாவது சகோதரியின் பிள்ளைகளுக்குச் சொத்து போகிற முறை, இருந்தது என்பது இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். கொல்லம் 1101-ல், அதாவது 1926-ல், திருவிதாங்கூரில் அதற்கென்று தனிச் சட்டமே வந்தது. அப்படியென்றால் இந்தச் சொத்து காரணவருடைய சொந்தச் சம்பாத்தியமா, இல்லை குடும்பச் சொத்தா? குடும்பச் சொத்து என்றால் சகோதரிகளும் மருமக்களும் எங்கே கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்? இந்தக் கேள்வியை எழுப்பி, அதற்கு விடை தருகிற முந்தைய பாகப்பத்திரத்தையும் மூன்று நாள் அலைந்து கண்டுபிடித்து, ஏழு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தேன்.

அதற்கு ஃபர்ம் எங்கள் சீனியருக்குக் கொடுத்தது 4,500 ரூபாய். எனக்கு வந்தது 1,000. சரி, பணத்தை விடுங்கள். சர்வே நம்பர் சரிபார்க்கச் சொல்லி அவர்கள் இறுதி ரிப்போர்ட்டை எங்களுக்கு அனுப்பினார்கள். திறந்து பார்த்தால், அந்த மருமக்கள் வழிப் பகுதி முழுக்க நான் எழுதியது. ஆங்கிலத்தில் நான் போட்ட கமாகூட அப்படியே இருக்கிறது. மேலே அவர்கள் லெட்டர்ஹெட், கீழே அவர்கள் பார்ட்னரின் கையெழுத்து. என் பெயரும் இல்லை, என் சீனியரின் பெயரும் இல்லை.

அந்த ரிப்போர்ட்டைப் பார்த்த பிறகுதான் எனக்கு தைரியமே வந்தது. இவர்கள் செய்கிற வேலையை நான் செய்வேன், செய்துகொண்டும் இருக்கிறேன், அப்புறம் ஏன் கேட்கக் கூடாது என்று அவர்கள் இணையதளத்தில் விண்ணப்பம் போட உட்கார்ந்தேன். கல்லூரி என்ற இடத்தில் தட்டினால் ஒரு பட்டியல் இறங்கியது. பெங்களூரு, ஹைதராபாத், கொல்கத்தா, ஜோத்பூர், போபால் என்று தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்கள் எல்லாம் வரிசையாக இருந்தன. திருநெல்வேலி இல்லை. மதுரை சட்டக் கல்லூரியும் இல்லை. கடைசியில் ஒரே ஒரு வார்த்தை: மற்றவை. அதைத்தான் தட்டினேன்.

போனில் ஒரு நேர்காணல் நடந்தது. 11 நிமிடம். எதிரில் பேசியவருக்கு என் வயதுதான் இருக்கும். தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான நுழைவுத் தேர்வான 'க்ளாட்'டில் என்ன ரேங்க் என்று கேட்டார். எழுதவில்லை என்றேன். குடும்பத்தில் வேறு வக்கீல் யாராவது இருக்கிறார்களா என்றார். இல்லை என்றேன். அப்பா என்ன செய்கிறார் என்றார். சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "நீங்க கேரளாவா? தமிழ் ஒரு மாதிரியா இருக்கே" என்றார். நிலத்தைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. பத்திரத்தைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. அவர்கள் ரிப்போர்ட்டில் ஏழு பக்கம் என்னுடையது என்று நானாகச் சொன்னபோது, "ஓகே, நோட் பண்ணிக்கிறோம்" என்று வைத்துவிட்டார்.

கேரளாவா என்று கேட்காதீர்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று 1954 ஆகஸ்ட் 11-ஆம் தேதி மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிரைக் கொடுத்த ஊர் இது. எங்கள் பேச்சில் மலையாள வாடை இருக்கும். அது எங்கள் தமிழ்தான். அந்த வாடை இருப்பதால்தான் உங்களுக்கு வேண்டிய பத்திரத்தை எங்களால் வாசிக்க முடிகிறது.

அப்புறம் இந்த 'க்ளாட்'. 2008-ல் தொடங்கியது. இன்று வரைக்கும் ஆங்கிலத்தில் மட்டும்தான். பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கும்போதே எழுத வேண்டும், விண்ணப்பத்துக்கே ஆயிரக்கணக்கில் கட்ட வேண்டும், கோச்சிங் போனால் லட்சக் கணக்கு. நான் பிளஸ் டூ படித்தது தமிழ் மீடியம். அப்படி ஒரு தேர்வு இருப்பதே எனக்குத் தெரியாது. எங்கள் ஆசிரியர்களுக்கும் தெரிந்திருக்கவில்லை. நன்றாகப் படிக்கிற பிள்ளை என்றால் நர்சிங், இன்ஜினியரிங், கொஞ்சம் வசதி இருந்தால் மெடிக்கல், அவ்வளவுதான். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே அதிகம் படித்த மாவட்டம் கன்னியாகுமரி, 91.75 சதவீதம். அந்த மாவட்டத்திலேயே இந்த நிலைமை. 17 வயதில் ஒரு பிள்ளைக்குத் தெரியாமல் போன தேர்வை வைத்து, 25 வயதில் அதன் வேலையைத் தீர்மானிக்கிறீர்களே, இது என்ன நியாயம்?

பெரிய ஃபர்முகள் ஆள் எடுக்கிற விதமே அப்படித்தான். அந்தப் பல்கலைக்கழகங்களுக்கு நேரில் போய் 'டே ஸீரோ' என்று ஒரு நாள் வைத்து, படிப்பு முடிய ஒரு வருடம் இருக்கும்போதே மாணவர்களைப் பிடித்துவிடுகிறார்கள். இல்லையென்றால் இன்டர்ன்ஷிப் செய்தவர்களிலிருந்து எடுக்கிறார்கள். தொடக்கச் சம்பளமே வருடத்துக்கு 15 லட்சத்துக்கு மேல். எங்கள் கல்லூரி வாசலை ஒரு ஃபர்ம்கூட ஐந்து வருடத்தில் மிதித்து நான் பார்த்ததில்லை.

இன்டர்ன்ஷிப் செய்திருக்கலாமே என்பீர்கள். செய்தேன். கடைசி வருடத்தில் வேறொரு ஃபர்மில் ஆறு வாரம். ஒரு பைசா கிடையாது. சென்னையில் ஹாஸ்டலுக்கும் சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் அப்பா தோட்டத்து முதலாளியிடம் முன்பணம் வாங்கித் தந்தார். மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் கூலி இல்லை. அந்த முன்பணத்தை அடைக்க ஒரு வருடம் பிடித்தது. என்னோடு இருந்த ஒரு பெங்களூர்ப் பெண் உண்மையிலேயே கெட்டிக்காரி, நல்லவள், எனக்கு நிறையச் சொல்லித் தந்தாள். அவள் மேலோ அவளைப் போல் படித்து வந்தவர்கள் மேலோ எனக்குக் கோபமே இல்லை. அவளுக்கு வேலை கிடைத்தது நியாயம். வேலையைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்காமல் என்னை இந்த ஃபர்ம் வேண்டாம் என்றதுதான் அநியாயம்.

உள்ளூரிலேயே பிராக்டிஸ் பண்ண வேண்டியதுதானே என்று சொல்கிறவர்களுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். நான் கோர்ட்டை வெறுத்து ஓடவில்லை. வாய்தா வாங்குவதிலிருந்து வக்காலத்து போடுவது வரைக்கும் எல்லாம் செய்கிறேன், பிடித்துத்தான் செய்கிறேன். ஆனால் மாதம் 6,000 ரூபாயில் எத்தனை வருடம்? ஜூனியர்களுக்கு சென்னை, மதுரை, கோவையில் குறைந்தது 20,000, மற்ற மாவட்டங்களில் 15,000 கொடுக்க வேண்டும் என்று 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அதே வருடம் அக்டோபரில் இந்திய பார் கவுன்சிலும் ஏறக்குறைய அதே தொகையைப் பரிந்துரைத்தது. பரிந்துரை என்றால் கொடுக்காவிட்டாலும் கேட்பாரில்லை என்றுதான் அர்த்தம். என் சீனியரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. நான்கு வருடமாக ஃபீஸ் பாக்கி வைத்திருக்கும் கட்சிக்காரர்களின் வழக்குக் கட்டுகள் அவர் அலமாரியில் ஒரு தட்டு முழுக்க இருக்கின்றன. அவரே 6,000-ஐத் தவறாமல் முதல் தேதி தருகிறார். என் அக்காவின் நர்சிங் படிப்புக்கு வாங்கிய கடன் இன்னும் முடியவில்லை. அதற்காகத்தான் ஃபர்ம் வேலை தேடுகிறேன்.

எங்கள் ஊர் வக்கீல்கள் எல்லோரும் சொல்கிற கதை ஒன்று உண்டு. எங்கள் மாவட்டத்தைத் தமிழ்நாட்டோடு சேர்க்கப் போராடிய, பள்ளியாடியில் பிறந்த நேசமணி ஐயா நாகர்கோவில் கோர்ட்டில் தொழில் தொடங்கியபோது, மேல்சாதி வக்கீல்களுக்கு நாற்காலியும் மற்றவர்களுக்கு முக்காலியும் போட்டிருந்தார்களாம். அவர் அந்த முக்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தாராம். முதல் வருடத்தில் இந்தக் கதையை என் சீனியர்தான் எனக்குச் சொன்னார். விண்ணப்பத்தில் 'மற்றவை' என்பதைத் தட்டும்போது எனக்கு அந்த முக்காலிதான் ஞாபகம் வந்தது. நான் அதை உதைக்கவில்லை. வேலை வேண்டுமே என்று அதிலேயே உட்கார்ந்தேன். இப்போது நினைத்தால் அதுதான் எனக்கு அதிகமாக வலிக்கிறது.

கல்லூரியின் பெயரை மறைத்துவிட்டு ஒரு பழைய பத்திரத்தைக் கையில் கொடுங்கள். ஒரு நாள் நேரம் கொடுங்கள். யார் சரியாக எழுதுகிறார்களோ அவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். நான் தோற்றால் வாய் திறக்க மாட்டேன்.

அன்று ராத்திரி வீட்டுக்கு வந்தபோது அப்பா தூங்காமல் இருந்தார். விடிகாலை மூன்றரைக்கு ஹெட்லைட்டைக் கட்டிக்கொண்டு வெட்டுக்குப் போக வேண்டிய மனிதர். "மக்ளே, மெட்ராஸ்ல இருந்து ஒண்ணும் வரல்லியா?" என்று கேட்டார். வந்த மெயிலைத் தமிழில் சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. "நீ எழுதிக் குடுத்தத வச்சுத்தான அவங்க ரிப்போர்ட் போட்டாங்க? பின்ன எதுக்கு நீ வேண்டாம்?" என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

நேற்று அதே ஃபர்மிலிருந்து சீனியருக்கு மறுபடியும் போன். பக்கத்தில் இன்னொரு நிலமாம். அந்தப் பழைய மலையாளம் வாசிக்கிற ஜூனியர் இருக்கிறாரா, அவரையே அனுப்ப முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள். சீனியர் போனை மூடிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். ரிப்போர்ட்டில் என் பெயரும் பதிவு எண்ணும் வர வேண்டும், இல்லையென்றால் நான் போக மாட்டேன் என்றேன். அவர் அதை அப்படியே அவர்களிடம் சொன்னார். கேட்டுச் சொல்கிறோம் என்று வைத்தார்கள். இதை எழுதி முடிக்கிற வரைக்கும் போன் வரவில்லை.