நிறம் போனால் மாசும் போய்விட்டதா?
கார்பன் நைட்ரைடு மென்தாள்களை (ஒளி பட்டால் வினையைத் தூண்டும், மிக மெல்லிய தாள் போன்ற துகள்கள்) நீரில் போட்டு வெளிச்சம் காட்டியதும், அதில் கலந்திருந்த மெத்திலீன் நீலம் என்ற சாயம் நிறமிழந்தது, அதனால் மாசு முழுதாக அழிந்துவிட்டது என்று ஒரு கருத்து வந்திருக்கிறது. நிறம் போனது சரி. ஆனால் அழிந்ததற்கு அது மட்டும் சான்றாகாது. மென்தாள்களுக்குப் பரப்பு அதிகம், சாயம் அதில் வெறுமனே ஒட்டியிருக்கலாம். அல்லது மூலக்கூறு உடைந்து, நிறமற்ற துண்டுகளாக நீரிலேயே கிடக்கலாம். குடிநீர் வரை போகும் பேச்சு என்பதால்தான் இதைச் சொல்கிறேன்.

ஆய்வுக் கட்டுரைகளில் இதை நீங்களே சரிபார்க்கலாம். முதலில், விளக்கில்லாமல் இருட்டில் கலக்கியபோது எவ்வளவு நிறம் குறைந்தது என்று பாருங்கள். அது ஒட்டிய அளவு. அப்புறம் மொத்தக் கரிமக் கார்பன் அளவு, அதாவது நீரிலுள்ள கரிமப் பொருள்களில் இருக்கும் கார்பன் மொத்தம் எவ்வளவு என்று பாருங்கள். இந்தச் சாயம் ஒளியை மிக அதிகமாக உறிஞ்சும் 664 நானோமீட்டர் அலைநீளத்துக்கு அருகிலுள்ள உச்சம் மறைந்தும் கார்பன் இறங்கவில்லை என்றால், துண்டுகள் இன்னும் நீரில்தான் இருக்கின்றன.