பார்த்தெனானில் சாரம் கட்டியிருந்தால் என்ன?

ஏதென்ஸ் போய் வந்தவர்களில் பலர் சொல்லும் முதல் குறை, அங்குள்ள பழங்கால அதீனா கோயிலான பார்த்தெனானைச் சுற்றிச் சாரமும் கிரேனும் நிற்கிறது, போட்டோவே கெட்டுப்போச்சு என்பதுதான். இன்னொரு கூட்டம் கொஞ்சம் விவரமானது. "பாதிக் கல்லு புதுசுங்க, ஒட்டுப் போட்டு நிறுத்தி வச்சிருக்காங்க, இதுக்கா இவ்வளவு டிக்கெட்?" என்று சலித்துக்கொள்ளும். இரண்டு கூட்டத்தோடும் எனக்குச் சண்டை உண்டு. கிரேக்க, ரோமானிய இடிபாடு எதற்குப் போனாலும் நான் முதலில் தேடுவது அந்த ஒட்டைத்தான்.

பார்த்தெனானையே எடுத்துக்கொள்வோம். கி.மு. 447இல் தொடங்கிய வேலை 432இல் சிற்பங்களோடு முடிந்தது. பிற்காலத்தில் அது தேவாலயமானது, அப்புறம் மசூதியானது. 1687இல் அப்போது ஏதென்ஸை ஆண்ட ஒட்டோமான் துருக்கியர்கள் உள்ளே வெடிமருந்தைக் குவித்து வைத்திருந்த நேரம் பார்த்து வெனிஸ் படையின் குண்டு வந்து விழ, கட்டடத்தின் நடுப்பகுதி சிதறிப்போனது. மிச்சமிருந்த சிற்பங்களில் ஏறக்குறைய பாதியை எல்ஜின் பிரபு என்ற பிரிட்டிஷ் தூதரின் ஆட்கள் பெயர்த்துக் கொண்டுபோனார்கள். இதுவரை எல்லா கைடும் சொல்வார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் அவசரமாகக் கடந்துவிடுகிறார்கள். கிரீஸ் விடுதலை பெற்றதும், பார்த்தெனான் நிற்கும் அக்ரோபோலிஸ் குன்றின் மேலிருந்த ஒட்டோமான் காலத்து வீடுகள், வெடிவிபத்துக்குப் பிறகு கோயிலுக்குள்ளேயே கட்டப்பட்டிருந்த சிறிய மசூதி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அகற்றினார்கள். நுழைவாயிலருகே நின்ற இடைக்காலக் கோபுரம் ஒன்றை 1870களில் இடித்தார்கள். அதற்குப் பணம் கொடுத்தவர் டிராய் நகரைத் தோண்டிய ஷ்லீமன். ஆக, இன்று நாம் மேலே ஏறிப்போய்ப் பார்க்கும் வெறும் பாறையும் நாலைந்து பளிங்குக் கட்டடங்களும் காலம் தானாக விட்டுவைத்தவை அல்ல. எந்த நூற்றாண்டு இருக்கட்டும், எது போகட்டும் என்று 19ஆம் நூற்றாண்டு உட்கார்ந்து முடிவெடுத்திருக்கிறது. இதைப் பார்த்து "அசல்" என்று உருகுகிறவர்கள், நேற்று வைத்த வெள்ளைக் கல்லைப் பார்த்து முகம் சுளிப்பது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது.

சரி, அந்தச் சாரம் எதற்கு? கோயிலைக் கட்டிய காலத்துக் கொத்தர்கள் கற்களை இரும்புக் கவ்விகளால் பிணைத்தார்கள். இரும்பைச் சுற்றி ஈயத்தை உருக்கி ஊற்றியதால் தண்ணீர் உள்ளே போகவில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீரமைப்பை நடத்திய நிகோலாஸ் பலானோஸ் இரும்பைப் போட்டார், ஈயத்தை விட்டுவிட்டார். இரும்பு துருப்பிடித்து உப்பியது, பளிங்கு வெடித்தது. போதாததற்குப் பல கற்களை அவை இருந்த இடத்தில் வைக்காமல் இடம் மாற்றி வைத்திருந்தார். 1975இல் ஒரு குழு அமைத்து, அவர் செய்ததைப் பிரித்து, ஒவ்வொரு கல்லும் எங்கே இருந்தது என்று கண்டுபிடித்து, டைட்டானியம் போட்டு மறுபடி பொருத்தும் வேலையைத் தொடங்கினார்கள். குறையும் இடத்துக்குப் பக்கத்து மலையிலிருந்தே புதுப் பளிங்கு வருகிறது. பழைய கல் தேன்நிறம், புதியது பளிச்சென்று வெள்ளை. தூரத்திலிருந்தே இரண்டையும் பிரித்துச் சொல்லிவிடலாம்.

இந்த நேர்மையை ரோமில் இன்னும் நன்றாகப் பார்க்கலாம். பழைய ரோமின் பொதுத்திடலான ரோமன் ஃபோரத்தில் இருக்கும், பேரரசர் டைட்டஸின் நினைவு வளைவை இடைக்காலத்தில் ஒரு கோட்டைக்குள் சேர்த்துக் கட்டிவிட்டார்கள். 1820களின் தொடக்கத்தில் வலாடியேர் என்ற கட்டடக் கலைஞர் அதை மீட்டுக் கட்டியபோது, இல்லாத பகுதிகளுக்குப் பளிங்கை விட்டுவிட்டு டிராவர்டைன் என்ற வேறு கல்லைப் பயன்படுத்தினார். அசல் தூண்களில் நெடுக்குப் பள்ளங்கள் இருக்கும், அவர் வைத்தவை மழமழவென்று இருக்கும். ஆறு அடி தள்ளி நின்றாலே தெரியும். ஆனால் முன்னால் நின்று செல்ஃபி எடுப்பவர்களில் எத்தனை பேர் இதைக் கவனிக்கிறார்கள்?

கொலோசியத்தில் இன்னும் அருமையான ஒன்று உண்டு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளிச்சுவரின் ஒரு முனை சரியத் தொடங்கியது. ஸ்டெர்ன் என்பவர் சாய்வாக ஒரு பெரிய செங்கல் சுவரை முட்டுக்கொடுத்து, வளைவுகளுக்குள்ளும் செங்கல்லை அடைத்தார். நழுவிக்கொண்டிருந்த கற்களை மேலே தூக்கிவைக்கவில்லை. அவை நழுவிய நிலையிலேயே, விழுந்தும் விழாமலும், இருநூறு ஆண்டுகளாக அங்கேயே நிற்கின்றன. கிளாடியேட்டர் கதை கேட்கும் அவசரத்தில் அந்தப் பக்கம் போகாமல் திரும்பிவிடாதீர்கள்.

துருக்கியிலுள்ள எபேசஸில், ரோமானியர் காலத்துச் செல்சஸ் நூலகத்தின் முகப்பை 1970களில் ஆஸ்திரிய ஆய்வாளர்கள் விழுந்து கிடந்த துண்டுகளைச் சேர்த்து எழுப்பினார்கள். மாடங்களில் நிற்கும் சிலைகள் நகல்கள், அசல் வியன்னாவில். அதில் எனக்குக் குறையில்லை, அசல் வியன்னாவில் இருப்பதில்தான் குறை.

முழுக்க முழுக்கப் புதிதாகக் கட்டினால்? அதற்கும் நான் கைதூக்குவேன். ஏதென்ஸின் பழைய சந்தைத் திடலான அகோராவில் உள்ள அட்டலோஸ் மண்டபம், கி.மு. 2ஆம் நூற்றாண்டில் பெர்கமோன் அரசர் இரண்டாம் அட்டலோஸ் கட்டிக்கொடுத்தது. 1950களில் அமெரிக்க ஆய்வாளர்கள் பழைய அடித்தளத்தின் மேலேயே அதை மறுபடி கட்டினார்கள். இரண்டு மாடி, நூறு மீட்டருக்கு மேல் நீளம், மாடிக்கு 21 கடைகள். மிஞ்சியிருந்த பழைய சுவரையும் சேர்த்துக்கொண்டார்கள். இதை 'சினிமா செட்' என்று சொல்பவர்கள் உண்டு. ஜூலை மாத வெயிலில் அகோராவைச் சுற்றிவிட்டு அந்தத் தூண்வரிசைக்குள் நுழைந்து பாருங்கள். காற்று மாறும், கண் கூச்சம் போகும், பேச்சுக்குரல் கூரையில் பட்டுத் திரும்பும். கிரேக்க நகரங்கள் ஏன் இப்படி நீள நீளமான மண்டபங்களைக் கட்டின, ஊர் வியாபாரமும் தத்துவ வாதமும் ஏன் அதனடியில் நடந்தன என்பது தரைமட்டமான அடித்தளத்தைப் பார்த்து எனக்கு ஒருநாளும் விளங்கியிருக்காது.

இத்தனை சொன்ன எனக்கும் ஒரு எல்லை உண்டு. கிரீட் தீவின் க்னோசோஸ். கிரேக்கர்களுக்கும் முந்திய மினோவன் அரண்மனை அது. 1900இல் அங்கே தோண்டத் தொடங்கிய ஆர்தர் எவன்ஸ், பின்னாளில் கான்கிரீட்டில் மாடிகளையும் சிவப்புத் தூண்களையும் தன் கற்பனைக்கு ஏற்ப எழுப்பினார். புகழ்பெற்ற அந்த 'லில்லி இளவரசன்' சுவரோவியம்கூட வெவ்வேறு உருவங்களின் துண்டுகளை ஒட்டியதாக இருக்கலாம் என்று ஆய்வாளர்களே சொல்கிறார்கள். மினோவர்கள் எங்கே முடிந்து எவன்ஸ் எங்கே தொடங்குகிறார் என்று சுவர் உங்களுக்குச் சொல்லாது. இப்போது அந்தக் கான்கிரீட்டுக்கே நூறு வயதாகி, அதையும் பழுதுபார்க்க வேண்டியிருக்கிறது. மற்ற இடங்களில் கைடு இல்லாமல் சமாளிக்கலாம். க்னோசோஸில் மட்டும் காசு பார்க்காமல் நல்ல கைடாக ஒருவரை வைத்துக்கொண்டு, "இது யார் கட்டியது?" என்று ஒவ்வொரு அறையிலும் கேட்டு நச்சரியுங்கள்.