அக்கா தங்கை விளையாட்டு
குழந்தைகள் ஏன் விளையாடுகிறார்கள் என்று ஒரு கட்டுரை படித்தேன். மிச்சமிருக்கும் சக்தியைச் செலவழிக்கத்தான் குழந்தை விளையாடுகிறது என்ற ஆங்கிலேயத் தத்துவவாதி ஸ்பென்சரோடு அது நின்றுவிட்டது. சரி, தூங்கி விழும் குழந்தைகூட ‘இன்னும் ஒரே ஒரு ஆட்டம்’ என்று அடம்பிடிப்பது ஏன்?

விளையாட்டைப் பற்றி சோவியத் உளவியலாளர் வைகாட்ஸ்கி 1933ஆம் ஆண்டு லெனின்கிராடில் ஆற்றிய உரையையும் சேர்த்திருக்கலாம். அதில் நிஜ அக்கா தங்கை இருவர், 5 வயதும் 7 வயதும், ‘அக்கா தங்கை விளையாட்டு’ விளையாடுவார்கள். அவ்வளவுதான், நடத்தையே மாறிவிடும்! ஒரே மாதிரி உடை, ஒரே மாதிரி பேச்சு, கைகோத்து நடை. வீட்டில் கவனிக்காமலே வாழ்ந்த உறவு, விளையாட்டில் விதியாகிவிடுகிறது. விதியே இல்லாத விளையாட்டு கிடையாது என்பதுதான் அவர் வாதம். (இந்த உதாரணம் முதலில் ஆங்கிலேய உளவியலாளர் சல்லி கவனித்தது.)

அப்புறம் அதே உரையில் வரும் குச்சிக் குதிரை. எந்தக் குச்சியும் குதிரையாகலாம், தபால் அட்டை ஆகாது என்கிறார். காலிடுக்கில் வைத்து ஓட வேண்டுமே!