மழையில் மெட்ரோ ரயிலின் பிரேக் பற்றி ஒரு திருத்தம்

‘மழை பெய்தால் மெட்ரோ ரயிலுக்குப் பிரேக் பிடிக்காது, அதனால்தான் மெதுவாக ஓட்டுகிறார்கள்’ என்று ஒருவர் எழுதியிருப்பதில் பாதிதான் உண்மை. ஈரத்தில் குறைவது பிரேக்கின் வலு அல்ல. எஃகுச் சக்கரத்துக்கும் எஃகுத் தண்டவாளத்துக்கும் இடையிலான பிடிமானம். ஒவ்வொரு வினாடியும் வேகத்தை வினாடிக்கு 1 மீட்டர் வீதம் குறைக்க, எல்லா அச்சுகளிலும் பிரேக் இயங்கும் ரயிலுக்குச் சுமார் 0.1 உராய்வுக் கெழு (சக்கரத்தின் மேல் உள்ள எடையில் எத்தனை பங்கு பிடிமான விசையாகக் கிடைக்கிறது என்ற அளவு) போதும். நனைந்த, ஆனால் அழுக்கில்லாத தண்டவாளம் பெரும்பாலும் அதைத் தந்துவிடும். உண்மையில் அடைமழையைவிடத் தூறலே தொல்லை, ஏனெனில் பெருமழை தண்டவாளத்தைக் கழுவிவிடுகிறது, தூறலோ துருவையும் எண்ணெய்ப் பிசுக்கையும் குழைத்து வழுவழுப்பாக்கிவிடுகிறது.

அப்போதும் சக்கரம் சிக்கி வழுக்கிக்கொண்டே போவதில்லை. அச்சுகளின் சுழற்சியைக் கண்காணிக்கும் உணரிகள், ஓர் அச்சு மற்றவற்றைவிடச் சட்டென்று வேகம் குறைவதைக் கண்டதும் அதன் பிரேக்கைக் கணநேரம் தளர்த்தி, சக்கரம் மீண்டும் உருளத் தொடங்கியதும் இறுக்குகின்றன. காரில் உள்ள ஏபிஎஸ் செய்யும் அதே வேலைதான்.

மெதுவாக ஓட்டுவதற்கான காரணம் எளிய கணக்கு. மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ரயில் மேற்சொன்ன வீதத்தில் 200 மீட்டரில் நிற்கும். அந்த வீதம் 0.7 ஆகக் குறைந்தால் ஏறக்குறைய 286 மீட்டர் தேவைப்படும். முன்செல்லும் ரயிலுடன் விட வேண்டிய இடைவெளியைச் சிக்னல் அமைப்பு இத்தகைய மோசமான நிலையை வைத்தே கணக்கிடுகிறது.