பூனைக்கு எதற்கு ஆப்?

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு இப்போது புதுப் பைத்தியம், பூனை கத்துவதை போனில் பிடித்து "பசிக்கிறது", "உன்னைப் பிடித்திருக்கிறது" என்று அர்த்தம் சொல்லும் ஆப். பக்கத்து வீட்டு ஆயா பேரனைப் பிடித்துக் கத்தினார்: "சோத்துக்குக் கத்துதுன்னு சொல்ல மெஷின் வேணுமாடா?" நான் ஆயா கட்சி.

வளர்ந்த பூனைகள் தங்களுக்குள் மியாவ் சொல்வது அபூர்வம். குட்டி தாயிடம் சொல்லும், அப்புறம் நம்மிடம்தான். கார்னெல் பல்கலைக்கழகத்தில் நிக்கோலஸ் நிகாஸ்ட்ரோ, பசி, கோபம், மூடிய கதவு என்று வெவ்வேறு சமயங்களில் பதிவுசெய்த மியாவ்களை ஆட்களிடம் போட்டுக் காட்டினார் (2003). ஒற்றை மியாவை வைத்துச் சொன்னவர்கள் குருட்டாம்போக்கில் சொல்வதைவிடக் கொஞ்சம்தான் தேறினார்கள். அவரே நம்ம நாட்டு பிரிட்டோரியா விலங்குக் காட்சிசாலையில் காட்டுப்பூனைகளின் குரலையும் பதிவுசெய்து ஒப்பிட்டார். காட்டுப்பூனையின் மியாவ் நீளம், கட்டைக்குரல். வீட்டுப்பூனையுடையது குட்டை, கீச்சு, கேட்கிறவர்களுக்கு அதுதான் இனிமை. ஆக, நம் காதுக்கு ஏற்றபடி குரல் மாறியிருக்கிறது, ஆனால் எல்லா வீட்டுக்கும் பொதுவான அகராதி எதுவும் இல்லை.

எங்கள் வீட்டுப் பூனையையே பாருங்கள். என் வீட்டுக்காரரிடம் ஒரு சின்ன "ம்யக்", அவ்வளவுதான், டின் மீனில் பாதி கீழே வந்துவிடும். அத்தை அசைய மாட்டார், அதனால் அவர் காலடியில் உட்கார்ந்து இழுத்து இழுத்து ஒப்பாரி. என்னிடம் கத்துவதே கிடையாது, விடியற்காலையில் தலையணையில் ஏறி காதோரம் குர்குர். இந்த மூன்றையும் ஆப் எப்படிப் பிரிக்கும்?

அந்தக் குர்குர் சாதாரணச் சமாச்சாரமில்லை. இங்கிலாந்தில் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தின் கேரன் மெக்கோம்ப், தன் பூனை காலையில் எழுப்புகிற தொல்லையிலிருந்துதான் ஆராய்ச்சியையே ஆரம்பித்தார். 2009-ல் வந்த முடிவு: சாப்பாடு கேட்கும் குர்குர்ருக்குள் கைக்குழந்தை அழுகையின் சுருதிக்குப் பக்கத்தில் ஒரு கீச்சுக்குரல் ஒளிந்திருக்கிறது, பூனையே வளர்க்காதவர்களுக்கும் அது அவசரமாகத்தான் கேட்கிறது. எல்லாப் பூனையும் இதைச் செய்வதில்லை, ஒரே ஆளோடு ஒட்டிக்கொண்டவைதான் அதிகம் செய்யுமாம். அப்படியானால் நான் எழுந்து போவது என் பலவீனமில்லை என்று அத்தையிடம் சொன்னேன், அவர் நம்பவில்லை.

விடியலில் தூங்க வேண்டும் என்றால் சத்தம் வந்ததும் எழாதீர்கள், எழுந்து டீ குடித்த பிறகே தட்டை நிரப்புங்கள். முதல் சில நாள் இன்னும் மோசமாகக் கத்தும், நடுவில் ஒருநாள் இரங்கினாலும் போச்சு. ஆனால் சும்மா இருந்த வயசான பூனை திடீரென்று ராத்திரியில் ஓயாமல் கத்த ஆரம்பித்தால் அது வேறு கதை, தைராய்டு, ரத்த அழுத்தம் என்று ஏதாவது இருக்கலாம். ஆப் "உன்னைப் பிடித்திருக்கிறது" என்று காட்டினாலும் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.