ரெண்டு விரலுக்காக யாரும் சாகல

ரஷ்ய வரலாறு பத்தி, அதுலயும் 17ம் நூற்றாண்டுல அங்க சர்ச் ரெண்டா உடைஞ்சது பத்தி பேச்சு வந்தா யாராவது ஒருத்தர் இத சொல்லிடுவாங்க, "சிலுவை போடறது ரெண்டு விரலாலயா மூணு விரலாலயான்னு அடிச்சுக்கிட்டு உயிரோட எரிஞ்சு செத்தானுங்கப்பா, மதம் மனுசன எவ்ளோ முட்டாளாக்குது பாரு"ன்னு. கேட்டாலே எனக்கு கடுப்பாகும். நான் சாமி கும்பிடற ஆள் இல்ல, சர்ச்சுக்கு வக்காலத்து வாங்கவும் வரல. ஆனா ரெண்டு விரல நீட்டினவன கேனையன்னு சொல்லிட்டு, அந்த விரல வெட்டினவன ஒரு கேள்வி கூட கேக்காம விட்டுடறீங்களே, அது என்ன நியாயம்?

1652ல நிகோன்னு ஒருத்தர் மாஸ்கோ பாட்ரியார்க் ஆகறார், மொத்த ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் (கிழக்கத்திய கிறிஸ்தவ) சர்ச்சுக்கும் அவர்தான் தலை. விவசாயி வீட்டுப் பையன், ஜார் அலெக்ஸேய்க்கு, அதாவது ரஷ்ய ராஜாவுக்கு, அவர்னா உயிரு. அடுத்த வருசம் தவக்காலத்துக்கு முன்னாடி திடீர்னு ஒரு சுற்றறிக்கை, இனிமே மூணு விரல சேத்துதான் சிலுவை போடணும்னு. அதுவரைக்கும் ரஷ்யாவுல ஆள்காட்டி விரலும் நடுவிரலும் நீட்டி, மத்த மூணையும் மடக்கி சேத்து வச்சு போடுவாங்க. நீட்டின ரெண்டு விரல் கிறிஸ்து கடவுளாவும் மனுசனாவும் இருக்கார்ங்கறதுக்கு, மடக்கின மூணு பிதா, சுதன், பரிசுத்த ஆவிங்கற திரித்துவத்துக்கு. அம்மா மடியில உக்காந்து கத்துக்கிட்டது அது. அதோட நிக்கல, அல்லேலூயா ரெண்டு தடவை இல்ல மூணு தடவை, பவனி சூரியன் போற திசையில இல்ல எதிர் திசையில, இயேசு பேருல ஒரு எழுத்த சேரு, விசுவாசப் பிரமாணத்துல (எதையெல்லாம் நம்பறோம்னு சொல்ற ஜெபம்) சில வார்த்தைய தூக்கு, இப்படி வரிசையா வந்துக்கிட்டே இருந்துச்சு.

காரணம் கேட்டா, கிரேக்க சர்ச்சுல இப்படித்தான் செய்யறாங்க, நம்ம புத்தகம்லாம் தப்புன்னு பதில். இதுலதான் கூத்தே. நூறு வருசம் முன்னாடி 1551ல மாஸ்கோவுலயே சர்ச் மாநாடு போட்டு, ரெண்டு விரலால சிலுவை போடாதவன் சபிக்கப்பட்டவன்னு தீர்மானம் எழுதி வச்சிருக்காங்க. இப்போ அதே சர்ச் ரெண்டு விரல்காரன சபிக்குது. சாதாரண ஊர் பாதிரி என்னய்யா பண்ணுவான்? திருத்தறதுக்கு வச்சுக்கிட்ட கிரேக்க புத்தகம் பல வெனிஸ்ல, அதாவது ஆர்த்தடாக்ஸ்காரங்களுக்கு ஆகாத கத்தோலிக்க ஊருல அச்சடிச்சது. திருத்த வந்தவங்கள்ல ஒருத்தர் அர்சேனி, ரோம்ல ஜேசுயிட்ங்கற கத்தோலிக்க துறவிங்க காலேஜ்ல படிச்சவர், மத விசயத்துல சந்தேகப்பட்டு 1649ல வடக்கே தீவுல இருக்கற சொலோவெத்ஸ்கி மடத்துக்கு நாடு கடத்தினாங்க, அவர நிகோனே கூட்டிட்டு வந்து இந்த வேலைல உக்கார வச்சார். சந்தேகம் வராம இருக்குமா சொல்லுங்க. பின்னாடி 19ம் நூற்றாண்டுல கோலுபின்ஸ்கி, காப்தெரெவ்னு ரஷ்ய சர்ச் வரலாற்று அறிஞர்களே ஆராய்ஞ்சு என்ன சொன்னாங்கன்னா, ரெண்டு விரல் முறை பைசாந்தியத்துலேந்து (பழைய கிரேக்க கிறிஸ்தவ சாம்ராஜ்யம்) வந்த பழைய வழக்கம், மாத்திக்கிட்டது கிரேக்கர்கள்தான்னு. ஆக படிப்பறிவில்லாத முரடன்னு திட்டு வாங்கினவன் சொன்னதுதான் சரி.

அப்போ எதுக்கு இவ்ளோ பிடிவாதம்? என் கருத்துல இது அரசியல், சுத்தமான அரசியல். பைசாந்தியத் தலைநகர் கான்ஸ்டான்டிநோபிள் 1453லயே துருக்கிக்காரங்க கைக்கு போயாச்சு, உலகத்துல மிச்சம் இருக்கற ஒரே பெரிய ஆர்த்தடாக்ஸ் ராஜா ஜார்தான். 1654ல உக்ரைன் கொசாக்குகள் (அந்த ஊர் போர்வீரர் கூட்டம்) பெரேயாஸ்லாவ்ங்கற ஊர்ல ஜாருக்கு விசுவாச சத்தியம் பண்றாங்க, கீவ் சர்ச் ஏற்கெனவே கிரேக்க முறைக்கு போயிடுச்சு. எல்லா ஆர்த்தடாக்ஸ் மக்களுக்கும் நான்தான் காவலன்னு சொல்லணும்னா மாஸ்கோவுல மட்டும் தனி முறை இருந்தா நல்லா இருக்காதுல்ல, அதான்.

இத நான் சும்மா சொல்லல. எதிர்த்தவங்கள்ல முக்கியமான பாதிரி இவான் நெரோனோவ், கடைசியில சமாதானமா வந்து கீழ்ப்படியறேன்னு சொன்னப்ப நிகோன் என்ன சொன்னார் தெரியுமா, பழைய புத்தகமும் நல்லதுதான் புதுசும் நல்லதுதான், உனக்கு எது வேணுமோ அதுல பூசை பண்ணிக்கோன்னு! இத சொன்னது அதே நிகோன்! அதாவது தலைய குனிஞ்சுட்டா எத்தனை விரல்னு யாரும் எண்ண மாட்டாங்க.

அப்புறம் நிகோனுக்கே ஆப்பு. ராஜாவ விட குரு பெரியவர்ங்கற ரேஞ்சுல பேச ஆரம்பிச்சார், ஜாருக்கு கசந்துபோச்சு, 1658ல இவரே கோவிச்சுக்கிட்டு மடத்துக்கு போய் உக்காந்துட்டார். 1666ல மாநாடு கூட்டி, அலெக்சாந்திரியா அந்தியோக்கியா பாட்ரியார்க்குகள கூட்டிட்டு வந்து, அவர பதவியிலேந்து இறக்கி சாதா துறவியா அனுப்பிட்டாங்க. சரி, ஆள் போயிட்டாரு, அவர் கொண்டு வந்தது? அது அப்படியே நிக்குது! 1667ல அதே மாநாடு பழைய முறைக்காரங்கள சபிச்சு விலக்கி வைக்குது, 1551 தீர்மானத்த செல்லாதுன்னு அறிவிக்குது. தலைவர் வேணாம் ஆனா தலைவரோட உத்தரவு வேணும், ஏன்னா அது இப்போ ஜாரோட உத்தரவு.

பழைய முறைக்காரங்கள்ல அவ்வாக்கும்னு ஒரு பாதிரி. இந்த ஆள எனக்கு முழுசா பிடிக்கும்னு சொல்ல முடியாது, வாய் ரொம்ப மோசம், எதிரிய எரிக்கணும் வெட்டணும்னு அவரும் பேசினவர்தான், அதிகாரம் கையில கிடைச்சிருந்தா என்ன பண்ணிருப்பாரோ. ஆனா அவர் எழுதி வச்ச சுயசரிதை இருக்கே, அப்பா. சைபீரியாவுல குடும்பத்தோட பனிக்கட்டி மேல நடக்கறாங்க, மனைவி வழுக்கி விழறா, எழுந்திரிக்க முடியல. இந்த கஷ்டம் எவ்ளோ நாளைக்குங்கன்னு கேக்கறா, சாகற வரைக்கும்னு இவர் சொல்றார், சரி அப்போ நடப்போம்ங்கறா. அதே பக்கத்துல ஒரு கருப்புக் கோழி வருது, பிள்ளைங்களுக்கு தினம் ரெண்டு முட்டை போட்ட கோழி, சறுக்கு வண்டில நசுங்கி செத்துப்போச்சுன்னு அத்தனை வருசம் கழிச்சும் உருகி எழுதறார் மனுசன். எழுதினது எங்கேந்துன்னா புஸ்தோஜெர்ஸ்க், ஆர்க்டிக் பக்கம், மண்ணுக்குள்ள தோண்டின ஜெயில்லேந்து. கூட இருந்த மூணு பேருக்கு நாக்க அறுத்து வலது கைய சிதைச்சாங்க, எந்த கையால சிலுவை போட்டாங்களோ அந்த கை. 1682 ஏப்ரல்ல நாலு பேரையும் எரிச்சாங்க. அதுக்கு முந்தின வருசம்தான் அப்போ ஆண்ட ஜார் ஃப்யோதர், அலெக்ஸேயோட மகன், நிகோன திரும்பி வர அனுமதிச்சு, வழியில செத்ததும் பாட்ரியார்க் மரியாதையோட அடக்கம் பண்ணி, தானே நேர்ல நின்னார்.

பழைய முறைய விடாத மொரோசோவாங்கற பணக்கார பிரபுக் குடும்பத்து அம்மாவ 1675ல போரோவ்ஸ்க்ல குழிக்குள்ள பட்டினி போட்டே கொன்னாங்க, ரஷ்ய ஓவியர் சூரிகோவ் வரைஞ்ச ஓவியத்துல வண்டில இழுத்துட்டு போறப்ப ரெண்டு விரல தூக்கி காட்டறது அவங்கதான். புது புத்தகத்த ஏத்துக்க மாட்டேன்ன சொலோவெத்ஸ்கி மடம் 1668லேந்து 1676 வரைக்கும் ராணுவ முற்றுகைய தாங்கிச்சு, உள்ள இருந்த ஒரு துறவி வழி காட்டிக் குடுத்துதான் விழுந்துச்சு. 1685ல இளவரசி சோஃபியா ஆட்சியில சட்டமே வந்துடுச்சு, மனசு மாறாதவன உயிரோட எரின்னு. இதுக்கப்புறம் ஊர் ஊரா சிப்பாய் வர்றப்ப மக்கள் கட்டடத்துக்குள்ள பூட்டிக்கிட்டு தானே தீ வச்சுக்கிட்டாங்க, குழந்தைங்களோட, ஆயிரக்கணக்குல. இத நான் நியாயப்படுத்த மாட்டேன், தூண்டிவிட்ட சாமியாருங்க இருந்தாங்க, அவங்கள எதிர்த்து அவங்க கூட்டத்துலயே எஃப்ரோசின்னு ஒரு துறவி 1691ல காரசாரமா எழுதினார். ஆனா வாசல்ல துப்பாக்கியோட நின்னவன விட்டுட்டு உள்ள இருந்தவனோட "மூடத்தனம்" மட்டும் கண்ணுக்கு தெரியுதுன்னா அது பார்வைக் கோளாறு.

அடுத்து வந்த ஜார், மகா பீட்டருக்கு விரலப் பத்தி கவலையே இல்ல. 1716ல பழைய முறைக்காரங்களப் பாத்து, பேர பதிவு பண்ணு, ரெட்டை வரி கட்டு, இருந்துக்கோன்னுட்டார். 1721ல பாட்ரியார்க் பதவியவே எடுத்துட்டு சினட்னு அரசு இலாகா மாதிரி ஒண்ண வச்சுட்டார், ஆக நிகோன் உக்காந்த நாற்காலியும் போச்சு.

இன்னும் நம்பலன்னா 1800க்கு வாங்க. அரசு சர்ச்சுக்கு கீழ வந்துடறேன்னு சொன்னா ரெண்டு விரல், பழைய புத்தகம், பழைய அல்லேலூயா எல்லாத்தையும் வச்சுக்கலாம்னு பால் மன்னன் காலத்துல அதிகாரபூர்வமா அனுமதி குடுத்தாங்க. 1667ல அதே விரலுக்கு போட்ட சாபம் ஏட்டுல அப்படியே இருக்கறப்பவே இது! அந்த சாபத்த மாஸ்கோ சர்ச் முறையா எடுத்தது 1971ல. அதுக்குள்ள பல பேரு துருக்கி சுல்தான் மண்ணுக்கும் கத்தோலிக்க போலந்துக்கும் ஓடி பொழைச்சுக்கிட்டாங்க. டான்யூப் ஆறு கடல்ல கலக்கற எடத்துல, ருமேனியா பக்கம், லிபோவன்னு அவங்க வம்சம் இன்னைக்கும் இருக்கு, இன்னைக்கும் ரெண்டு விரல்தான்.